முகூர்த்தத்துக்காகக் கழற்றிய மூக்குத்தி: மூக்கு, மேல்காது குத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நான் வெளியூர் போயிருந்தபோது, என்னிடம் தொழில் பழகும் தம்பி ஒரு வேலை செய்துவைத்தான். குத்தி ஐந்து வாரம்கூட ஆகாத மூக்கிலிருந்து டைட்டேனியம் தண்டைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தங்க மூக்குத்தியை மாட்டி அனுப்பிவிட்டான். "தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டே ஆகணும்னு அந்த அக்கா ரொம்பக் கெஞ்சினாங்க அண்ணா" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். காரணமும் ஏறக்குறைய இதேதான்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கை கழுவுவது, கையுறை, ஒருமுறைக்கு ஓர் ஊசி, கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் பெட்டியில்) வைப்பது இதெல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர்கள் ஊசியைத் தொடவே கூடாது. தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் என் கவலை.

விசேஷத்துக்காக ஆறாத துளையில் நகை மாற்றுவது

எங்கள் அப்பா கும்பகோணத்தில் பத்தர். பட்டறையில் காது குத்த வரும் குழந்தைகளுக்குத் தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி, அதையே ஊசியாக்கிக் குத்தி, அப்படியே வளைத்து வளையமாக்கிவிடுவார். "ஒரு மண்டலம் கம்பி கிடக்கட்டும், அப்புறம் தோடு போடு" என்பார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். காது மடலின் அடிச்சதை ஆற 6 முதல் 8 வாரம் என்றுதான் இன்றைக்குப் பயிற்சி பெற்றவர்களும் சொல்கிறார்கள். அப்பாவின் கணக்கு சரியான கணக்கு.

ஆனால் அது அடிக்காதுக்கு மட்டுமான கணக்கு. அங்கே இருப்பது வெறும் சதை, ரத்த ஓட்டமும் நன்றாக உண்டு. மூக்கின் பக்கச்சுவரில் குத்தினால் 4 முதல் 6 மாதம், மேல்காதுக் குருத்தெலும்பில் குத்தினால் 6 முதல் 12 மாதம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அந்த 48 நாளைத் தூக்கி மூக்கின் மேல் வைத்ததுதான் நான் செய்த முதல் பிழை.

துளை எப்படி ஆறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அவசரம் வராது. இரண்டு பக்க வாயிலிருந்தும் புதுத் தோல் உள்நோக்கி வளர்ந்துகொண்டே வரும். கடைசியாக மூடுவது நடுப்பகுதி. ஐந்தாவது வாரத்தில் வெளியே பார்த்தால் சிவப்பு இருக்காது, வலி இருக்காது, பொருக்குகூட நின்றிருக்கும். உள்ளே தோல் இருக்கிறதே, அது பாலின் மேல் படிந்த ஆடை மாதிரிதான். விரல் பட்டால் கிழியும். வந்தவர் "ஆறிடுச்சு" என்பார். கண்ணாடியில் பார்த்தால் நமக்கும் ஆறின மாதிரியேதான் தெரியும்.

இந்த நிலையில் திருகாணி மூக்குத்தியை உள்ளே விடுகிறோம். தண்டு முழுக்க மரை. ஆடை படிந்த பாலில் அரத்தை விட்டு இழுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பாவின் கம்பியில் மரை கிடையாது, வழவழவென்று இருக்கும். அதனால்தான் அத்தனை குழந்தைகளுக்கும் தொந்தரவில்லாமல் ஆறியது. நல்ல ஸ்டுடியோக்களில் முதல் நகையாகப் போடும் தண்டிலும் வெளிப்பக்கம் மரை இருக்காது. மரை உள்ளே இருக்கும், இல்லையென்றால் மரையே இல்லாமல் ஊசி போன்ற காலை அழுத்திப் பொருத்தும் வகையாக இருக்கும்.

நான் சொல்ல வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அம்மாவோடு வந்தாள். குத்தி 36 நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். ஏழு கல் மூக்குத்தி, அவருடைய மாமியார் போட்டிருந்தது. "தம்பி, மணவறையில இந்தப் பொட்டு மாதிரி இருக்கறதோடவா உக்கார முடியும்? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார். நான் மாட்டினேன். உள்ளே போகும்போது அவள் கண்ணில் நீர் வந்தது. பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம். மூக்கில் கை வைத்தாலே கண்ணில் நீர் வரும் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் கழன்று விழுந்துவிடப் போகிறது என்று திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டதும் நான்தான்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் முன்கூட்டியே கணிக்கக் கூடியது. கிழிந்த துளை வீங்கியது. பழைய மூக்குத்தியின் தண்டு, ஆறிப்போன மூக்கின் தடிமனுக்குச் செய்தது. வீக்கத்துக்கு அதில் இடமே இல்லை. ஹோமப் புகையில் மூக்கு ஒழுக, அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நாலாம் நாள் மூக்குக்குள்ளே திருகாணியைக் காணோம். விழுந்துவிட்டது என்று வீட்டில் தேடியிருக்கிறார்கள். அது சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூட ஆரம்பித்திருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறித்தான் எடுத்தார். துளை மூடிவிட்டது. அந்த இடத்தில் அம்மைத் தழும்பு அளவுக்கு ஒரு குழி இன்றைக்கும் இருக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா மூக்குத்தியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இதுல ஏதாவது கோளாறா பாருங்க, எங்க மாமியாருக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றார். நகையின் மேல் சந்தேகப்பட்டாரே தவிர, என் மேல் படவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லும் தைரியம் அன்று எனக்கு இல்லை. "தடிமன் கொஞ்சம் அதிகம்மா" என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.

நகையிலும் கவனிக்க வேண்டியது உண்டு என்பது வேறு விஷயம். 22 காரட் தங்கம் மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும், அந்தக் கீறல்கள் ஆறாத தோலை உரசும். புதுத் துளைக்குத் தங்கம்தான் வேண்டுமென்றால் நிக்கலும் காட்மியமும் கலக்காத 14 அல்லது 18 காரட் போதும். அதற்கு மேல் போனால் மிருதுத்தன்மை கூடிவிடும். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய கேடிஎம் நகை என்றால் பற்றவைத்த இடத்தில் காட்மியம் இருக்கும். கல் பதித்த மூக்குத்தியின் அடிப்பக்கக் குழியில் அழுக்கும் நிணநீரும் போய் உறையும். ஆறின மூக்குக்கு இதில் எதுவும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆறாத மூக்குக்கு ஒவ்வொன்றும் தொந்தரவு.

இப்போது என் வழக்கம் வேறு. பெயர் கேட்பதற்கு முன்னாலேயே "வீட்டில் விசேஷம் ஏதாவது இருக்கிறதா, முகூர்த்தம் என்றைக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். நாலு மாதத்துக்குள் என்றால் குத்துவதில்லை. குத்தாமல் அழுத்திப் போடுகிற மூக்குத்தி கடையில் கிடைக்கிறது, அன்றைக்கு அது போதும், விசேஷம் முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். வருமானம் போகத்தான் செய்கிறது. ஐப்பசியிலும் தையிலும் வருகிறவர்களில் பலர் அடுத்த கடைக்குப் போய்க் குத்திக்கொள்கிறார்கள். போகட்டும்.

ஏற்கெனவே குத்தியாகிவிட்டது, தேதியும் நெருங்கிவிட்டது என்றால் ஒரே ஒரு வழி இருக்கிறது. தண்டை அசைக்காதீர்கள், தலையை மட்டும் மாற்றுங்கள். அழுத்திப் பொருத்தும் வகைத் தண்டு போட்டிருந்தால், அதில் உட்காரும்படி கால் வைத்து 18 காரட்டில் கல் பதித்த தலையை நல்ல பத்தர் செய்து தருவார். துளைக்குள் இருக்கும் டைட்டேனியம் இருந்த இடத்திலேயே இருக்கும், வெளியே பாட்டியின் மூக்குத்தி மாதிரியே மின்னும். மாற்றும்போது பின்தட்டை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்டு சுழலக் கூடாது.

தம்பி மாட்டி அனுப்பிய பெண்ணை அன்றைக்கே போன் பண்ணி வரச் சொன்னேன். உள்ளே வீங்கியிருந்தது, ஆனால் புதையவில்லை. நீளமான தண்டு போட்டு அனுப்பினேன். அவரிடம் நடந்ததை அவனையே சொல்லச் சொன்னேன், சொன்னான்.

மேல்காதில் துப்பாக்கி

நகைக்கடையில் டக்கென்று சுடுகிறார்களே, அந்தக் கருவி. அதில் இருப்பது ஊசி இல்லை, தோட்டின் முனைதான். மழுங்கிய முனையை வேகத்தால் உள்ளே தள்ளுகிறது. சதை தாங்கிக்கொள்ளும். குருத்தெலும்பு நசுங்கும். பெரும்பாலான துப்பாக்கிகளின் பிளாஸ்டிக் உடம்பு ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது என்பதால் மேலாகத் துடைத்துத்தான் வைக்க முடியும்.

குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு வருகிறது. உறைக்கும் எலும்புக்கும் நடுவே சீழ் கோர்த்தால் எலும்பு பட்டினியில் சாகும், காது சுருங்கிக் கோணும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2000இல் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு சூடோமோனாஸ் கிருமி வரிசையாகத் தாக்கியது. துப்பாக்கியால் குத்திய ஒரே கடையில்தான் அத்தனை பேரும் குத்திக்கொண்டிருந்தார்கள். கிருமி அந்தக் கடையின் கிருமிநாசினி பாட்டிலிலேயே இருந்தது. பாட்டிலில் தீர்ந்ததும் மேலாக ஊற்றி நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

தண்டின் நீளம்

முதல் தண்டு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும், வீங்க இடம் வேண்டும். மேல்காதுக்குப் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போடுகிறேன். எல்லோரும் இதுவரை சரியாகச் செய்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு 6 முதல் 8 வாரத்தில் வரச் சொல்லி 6 மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நீளத் தண்டு தலைமுடியிலும் துப்பட்டாவிலும் மாட்டி மாட்டி, துளையே சாய்ந்துவிடும். இந்த மாற்றத்தைக் குத்தியவர்தான் செய்ய வேண்டும், அதே தடிமனில், மரையில்லாத தண்டில். முன்னே சொன்ன விசேஷ மாற்றத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"சர்ஜிக்கல் ஸ்டீல்" என்ற வார்த்தையை நம்புவது

அந்தப் பெயரில் பெரும்பாலும் விற்கிற 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாதவருக்கு அரிப்பும் நீர்க்கசிவும் மாதக்கணக்கில் நிற்காது. ஐரோப்பாவில், குத்திய துளையில் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நகை வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்136 டைட்டேனியம் (உடலுக்குள் பொருத்தும் தரம்) என்பதற்கான சான்றிதழைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

தினமும் திருப்பிவிடுவது

வேண்டாம். பொருக்கைத் துளைக்குள் இழுக்கிறீர்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், துடைப்பக்குச்சி

பாட்டிமார்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எண்ணெய் துளையின் வாயை அடைக்கும், மஞ்சள்தூள் உள்ளே போய்த் தங்கும், துடைப்பத்திலிருந்து ஒடித்த குச்சியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 0.9 சதவீத உப்புநீர், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன், நாளைக்கு இரண்டு முறை. பிறகு சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் உப்பைக் கரைத்தால் பெரும்பாலும் உப்பு கூடிப்போய் தோல் வறண்டுவிடும்.

குமிழைக் கண்டதும் கெலாய்டு என்பது

மூக்குத்தி ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புக் குமிழ் வரும். வந்தவர் இணையத்தில் படித்துவிட்டு "கெலாய்டு" என்று அழுதுகொண்டே வருவார், புதிதாகப் பழகுகிறவரும் தலையாட்டுவார். கெலாய்டு என்பது தடித்து வளரும் தழும்பு. அது துளையின் எல்லையைத் தாண்டிப் பரவிக்கொண்டே போகும், மெதுவாக வளரும், தானாகச் சுருங்காது. இந்தக் குமிழ் பெரும்பாலும் உரசலால் வருவது. கோணம் தப்பிய குத்து, நீளத் தண்டு, அந்தப் பக்கமாகவே படுத்துத் தூங்குவது. காரணத்தை எடுத்துவிட்டால் சில வாரங்களில் அமுங்கிவிடும். அதன் மேல் பற்பசை தடவச் சொல்லி அனுப்பாதீர்கள். உண்மையிலேயே கெலாய்டு என்று சந்தேகம் வந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டில் யாருக்காவது உண்டா என்று குத்துவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

படுக்க வைத்துப் புள்ளி வைப்பது

குத்தும் இடத்தைக் குறிக்கும் புள்ளியை உட்கார வைத்து வையுங்கள், சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். வலதா இடதா என்பதை அவர் வாயால் சொல்லட்டும்.

முலைக்காம்பு

கேட்டு வருகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். மூக்கு நூறு குத்தினேன், இதையும் குத்திவிடுவேன் என்று இறங்காதீர்கள். இதற்குப் போடுவது பொதுவாக 1.6 மில்லிமீட்டர் தடிமன், ஆற 9 முதல் 12 மாதம். 18 வயது நிரம்பியதற்குச் சான்று பார்க்காமல் கூடாது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் நிற்காமல் முதல் குத்து கூடாது.

சீழ் வந்ததும் நகையைப் பிடுங்குவது

பயத்தில் எல்லோரும் செய்வது இதுதான். தண்டை எடுத்ததும் துளையின் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். தண்டு இருந்தால் அதன் ஓரமாக வடியும். எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மேல்காது முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்து, அடிமடல் மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்பில் இறங்கிய தொற்று. அதை நாம் வைத்துப் பார்க்கக் கூடாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றும் விடக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். எந்தத் தேதியில் குத்தியது, என்ன உலோகம், என்ன நீளம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.