அறுவைக்கு முன் ஓர் ஆய்வைப் படிப்பது எப்படி

அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்த வாரம், ராத்திரி ராத்திரியாக ஆய்வுக் கட்டுரைகள் படித்தேன். ஒன்றும் உதவவில்லை. எல்லாவற்றிலும் நேரே முடிவுக்குப் போய்விட்டேன். அதே நிலையில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டுரையைத் திறக்காதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்து, ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த உறுப்பு, எந்த வகைப் புற்று, எந்த நிலை, கட்டி எத்தனை செ.மீ., வயது, கூட இருக்கும் வேறு நோய்கள். அக்காவின் தாளில் ‘3 செ.மீ.’ என்று இருந்தது. பிறகு எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்தது.

அடுத்து, கட்டுரையில் யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதிக்குப் போங்கள். 2024இல் ஷேப் என்ற ஆய்வு வந்தது. 700 பெண்கள். சுற்றுத் திசுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை ஒரு பாதிக்கு, கர்ப்பப்பையை மட்டும் எடுக்கும் எளிய அறுவை மறு பாதிக்கு. மூன்றாண்டில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது முறையே 2.17%, 2.52%. எளிய அறுவையில் சிறுநீர்த் தொல்லையும் குறைவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அச்செடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரு வரியில் விரல் வைத்தார்: கட்டி 2 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அக்கா அந்த ஆய்வுக்குள்ளேயே இல்லை.

நிலையின் பெயரை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றின் நிலைப் பிரிவுகளை 2018இல் மாற்றினார்கள். அதற்கு முன் ‘1பி1’ என்றால் 4 செ.மீ. வரை; இப்போது 2 செ.மீ.க்குள்தான். பழைய கட்டுரையின் 1பி1க்குள் அக்கா வருவாள், புதியதில் வரமாட்டாள். செ.மீ.யைப் பாருங்கள்.

மூன்றாவது, எதை அளந்தார்கள்? இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அது முதல் வாரத்தின் கணக்கு. 2018இல் வந்த எல்ஏசிசி ஆய்வு சில ஆண்டுகள் தள்ளிப் பார்த்தது. ஆரம்ப நிலை நோயுள்ள 631 பெண்கள். யாருக்கு எந்த அறுவை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த பக்கம் 96.5%, லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ பக்கம் 86%. மூன்றாண்டில் உயிரோடு இருந்தவர்கள் 99%, 93.8%.

சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். இந்தப் பக்கம் திறந்த அறுவை செய்த நூறு பெண்கள், அந்தப் பக்கம் லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ அறுவை செய்த நூறு பெண்கள். மூன்றாண்டில் இங்கே ஒருவர் இல்லை, அங்கே ஆறு பேர் இல்லை. இதைச் சொன்னதும் அக்கா பெரிய தழும்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதை வேறு உறுப்புக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெருங்குடல் புற்றில் 2004இல் 872 பேரிடம் செய்த ஆய்வில், மூன்றாண்டில் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16%, திறந்த அறுவையில் 18%. அங்கே துளை போட்டதால் கேடு வரவில்லை.

‘புதியது பழையதைவிட மோசமில்லை’ என்று காட்டும் ஆய்வுகளில் இன்னொன்றையும் தேடுங்கள்: எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வோம் என்று அவர்கள் முன்கூட்டியே வைத்த எல்லை. ஷேப் ஆய்வில் அது 4 சதவீதப் புள்ளிகள். அந்த அளவு உங்களுக்குச் சம்மதமா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கட்டுரையை நீட்டி ‘இதையே செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘எங்கள் கேஸ் இதற்குள் வருமா, வராவிட்டால் எதனால்?’ என்று கேளுங்கள். ‘இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?’ என்பதையும் கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கடைசியாக, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி நோயாளியிடம் கொடுங்கள். நான் எழுதிய ஒன்பது கேள்விகளையும் அக்கா படித்தாள். கீழே தன் கையால் பத்தாவதாக ஒன்று எழுதினாள்: ‘ஆப்பரேஷனுக்கு அப்புறம் யூரின் டியூப் எத்தனை நாள் இருக்கும்?’ மறுநாள் டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டோம்.