மானோமெட்ரி: திரையைப் பார்ப்பவர்கள் தொண்டையைப் பார்ப்பதில்லை

மூக்கு வழியாக மெல்லிய குழலை வயிறுவரை இறக்கி, உணவுக்குழாய்த் தசைகளின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனைதான் உணவுக்குழாய் மானோமெட்ரி. அதைச் செய்யக் கற்றுக்கொள்பவர்களின் அருகில் நின்றால், எங்கள் தலைமுறை செய்து ஓய்ந்த தவறுகளே வரிசை மாறாமல் திரும்ப வருவதைப் பார்க்கலாம். வெறும் வயிறு, ஒப்புதல் படிவம் போன்றவற்றை யாரும் மறப்பதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூக்கைச் சோதிக்காமல் நுழைவது

ஒரு துவாரத்தை மூடி மறுபக்கம் மூச்சிழுக்கச் சொல்லுங்கள். காற்று தாராளமாகப் போகும் பக்கமே நமக்கு வழி. குழலை மேல்நோக்கிச் செருகாமல், மூக்கின் அடித்தளத்தை ஒட்டி நேர்பின்னாகச் செலுத்த வேண்டும்.

மூக்கில் மரப்பு ஜெல் தடவிய கையோடு தள்ளுவது

மரத்துப்போகச் சில நிமிடங்கள் ஆகும். பொறுங்கள்.

"விழுங்குங்கள்" என்று சொன்ன கணமே தள்ளுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். உணவுக்குழாயின் மேல் சுருக்குத்தசை சாதாரண நேரத்தில் இறுக மூடியிருக்கும். விழுங்கும்போது குரல்வளை மேலேறும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அது தளர்கிறது. நாம் சொல்வதற்கும் அவர் விழுங்குவதற்கும் நடுவே அவர் தண்ணீரை வாயில் திரட்ட வேண்டும், பயத்தை அடக்க வேண்டும். அதற்குள் தள்ளினால் சாத்திய கதவில்தான் முட்டுகிறோம். குழல் தொண்டையில் சுருளும், ஓங்கரிப்பு வரும். பதறி மேலும் அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். இருமல் நிற்கவில்லை, குரல் எழவில்லை என்றால் யோசிக்காமல் பின்னே இழுங்கள்.

வேறோர் இடத்தில் பாதியில் நிறுத்தப்பட்டு எங்களிடம் வந்த ஒரு பெண்மணி, உட்காரும்போதே நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார். "சொன்னபடி விழுங்கத்தான் போனேன், அதற்குள் குத்திவிட்டார்கள்" என்றார். குழல் தொண்டையை எட்டியதும் தாடையை மார்போடு சேர்க்கச் சொல்லி, தண்ணீர்க் கோப்பையையும் உறிஞ்சிக் குடிக்கும் குழாயையும் அவர் கையிலேயே கொடுத்தோம். கட்டளை எதுவும் இல்லை. குரல்வளை ஏறினால் தள்ளல், இறங்கினால் நிறுத்தம். கோப்பைத் தண்ணீர் தீர்வதற்குள் குழல் வயிற்றை எட்டிவிட்டது. அவருக்கு இருந்தது அகலேசியா, அதாவது விழுங்கும்போது உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத்தசை சரியாகத் தளராத நோய். முதல் முயற்சி கெட்டதால், அதுவரை பயனில்லாத அமில மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து

கூடாது. தசையின் இயக்கத்தைத்தான் அளக்கிறோம்.

குழல் இறங்கியதும் பதிவைத் தொடங்குவது

இந்தப் பரிசோதனைக்கான சர்வதேச வழிகாட்டியான சிகாகோ வகைப்பாட்டின் 2021இல் வந்த நான்காம் பதிப்பு, குழல் பழகக் குறைந்தது 60 நொடிகள் விடச் சொல்கிறது. அந்த நேரத்தில் கையில் காகிதக் கைக்குட்டை கொடுத்து, எச்சிலைத் துப்பலாம் என்று சொல்லுங்கள். யாரும் சொல்லாததால் வெட்கப்பட்டு அடக்கி, இடையிடையே விழுங்கிப் பதிவைக் கெடுப்பவர்கள் ஏராளம். படுத்த நிலையில் 5 மில்லி தண்ணீரை 10 முறை விழுங்கவைக்கும்போது, "இன்னும் மூன்றுதான்" என்று எண்ணிச் சொல்வதும் ஒரு மருந்து.

பிளாஸ்டர்

குழலை மேலே இழுத்து ஒட்டினால் பரிசோதனை முடியும்வரை நாசி விளிம்பை அறுக்கும். சற்றுத் தளர்வாக விட்டு, கன்னத்தில் இன்னொன்று ஒட்டுங்கள். எடுக்கும்போது முதலில் அவை இரண்டையும் உரியுங்கள். ஒட்டியது ஒட்டியபடி இருக்கக் குழலை இழுத்தவரையும் பார்த்திருக்கிறேன்.