தோல் ஒத்துக்கொள்ளும் துணிச்சோப்பு: வீட்டில் செய்வது எப்படி

முதலில் ஒரு சின்னச் சோதனை. துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கும் துண்டு ஒன்றை எடுத்து, சூடான தண்ணீரில் சோப்பு எதுவும் போடாமல் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கசக்கிப் பாருங்கள். தண்ணீர் கலங்கி நுரை வந்தால், போன முறை போட்ட சோப்பு இன்னும் துணியை விட்டுப் போகவில்லை. கழுத்து, அக்குள், இடுப்பு என்று துணி உரசி வியர்க்கும் இடங்களில் மட்டும் தடித்து அரிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்த மிச்சத்தின் மேல்தான் விழ வேண்டும். அதனால் கீழே சொல்லியிருப்பது எல்லாமே ஒரே நோக்கத்துக்காக: துணியில் எதுவும் தங்கக் கூடாது.

நான் இதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை குளியல் சோப்புக்கான கணக்கையே எடுத்துக்கொண்டு, எண்ணெயில் 8% சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி காஸ்டிக் சோடாவை (எண்ணெயைச் சோப்பாக்கும் கடுமையான காரம், சோடியம் ஹைட்ராக்சைடு) குறைத்துப் போட்டு, வாசனைக்கு லாவெண்டர் எண்ணெயும் விட்டேன். இரண்டே மாதத்தில் துண்டுகள் தண்ணீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டன, தலையணை உறையில் சிக்கு வாடை, கழுத்தில் முன்பைவிட அதிகத் தடிப்பு. குளியல் சோப்பில் மிஞ்சும் எண்ணெய் தோலுக்கு இதம், சரி, ஆனால் துணியில் அது படிந்து கெட்டுப்போகும். லாவெண்டரில் இருக்கும் லினலூல், ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. செடியிலிருந்து வந்தது என்பதற்காகத் தோல் சலுகை காட்டாது!

வேண்டியவை மூன்றே பொருள்: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 90 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 200 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும், அப்படிப் பார்த்தால் 500 கிராமுக்கு 91.5 வருகிறது. நான் 90-ல் நிறுத்திக்கொள்வது, அளவில் சின்னப் பிசகு வந்தாலும் காரம் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக. எல்லாவற்றையும் தராசில்தான் நிறுக்க வேண்டும், கப், ஸ்பூன் அளவெல்லாம் இதற்கு ஆகாது. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவின் அளவும் மாறும், இதே கணக்கில் வேறு எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்.

காஸ்டிக் சோடாவைக் கண்டால் பயப்படுபவர்கள் உண்டு, கொஞ்சம் பயம் இருப்பது நல்லதுதான். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பக்கத்தில் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் போதும், அலுமினியம் மட்டும் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளற வேண்டும், ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசல் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், புகையை முகர வேண்டாம். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் உடனே குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி பக்கம் இறங்கியதும் (பாத்திரத்தை வெளியே தொட்டுப் பாருங்கள், உள்ளே விரலை விட வேண்டாம்), உருக்கிய எண்ணெயில் மெதுவாக ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். மேலே கோடு போட்டால் கோடு நிற்கிற அளவுக்குக் கெட்டியானதும் சிலிக்கான் அச்சில் ஊற்றிவிடலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு ரொம்ப வேகமாக இறுகும். பெரிய அச்சில் ஊற்றியிருந்தால் சில மணி நேரத்தில், லேசான சூடு இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு வெட்டிவிடுங்கள், மறுநாள் காலை வரை விட்டால் கத்தி பட்டதும் பொலபொலவென்று உடையும். துருவப் போகிறோம் என்பதால் உடைந்தாலும் குடி முழுகிவிடாது. காற்றாட நாலு வாரம் காயட்டும். வெட்டிய இடத்தில் நீர்க்குமிழி போல ஏதாவது கசிந்தால் அந்தத் தொகுதியை உபயோகிக்க வேண்டாம்.

காய்ந்ததைத் துருவி மிக்சியில் பொடியாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வேலை முடிந்தது. தண்ணீரில் கரைத்துத் திரவமாக வைத்துக்கொண்டால் வசதிதானே என்று தோன்றும். அதில் கிருமி வளரும், வளராமலிருக்க பதப்படுத்தும் மருந்து சேர்க்க வேண்டும், அந்த மருந்துகளில் சில மீத்தைல்ஐசோதயசோலினோன் போல ஒவ்வாமையைக் கிளப்புவதில் பேர்பெற்றவை. பொடியே மேல்.

இனி தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் திரிவது போலத் திரிந்து, பிசுபிசுப்பான படலமாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட், காஸ்டிக் சோடா இல்லை). இனி சோடா என்று சொல்வதெல்லாம் இதைத்தான். எல்லோரும் சோப்பையும் சோடாவையும் சரிபாதியாகக் கலந்து வைக்கச் சொல்வார்கள், நான் தனித்தனியாகவே வைக்கிறேன், ஏனென்றால் சோடா எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோப்புப் பொடி போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் சோடாவே தேவையில்லை. வெள்ளையாகத் திரிந்தால், ஒரு வாளிக்கு (10 லிட்டர்) ஒரு டீஸ்பூன் சோடாவை முதலில் கரைத்து, பிறகு சோப்பு போட்டுப் பாருங்கள், நுரை நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சோப்பு ஒரு டேபிள்ஸ்பூன் போதும், வெந்நீரில் கரைத்த பிறகுதான் துணி. கையால் துவைத்தால் கையுறை போடுங்கள், சோடாவும் காரம்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டவே வேண்டாம், காரம் அந்த இழைகளைக் கெடுத்துவிடும்.

போராக்ஸ் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் ஏராளம். போராக்ஸ் போன்ற போரேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்க நலனைப் பாதிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது, குழந்தைத் துணிக்கு நான் அதைத் தொடுவதில்லை.

இரண்டு தடவையாவது அலசுங்கள். கடைசி அலசலில் மட்டும், சோப்பெல்லாம் போன பிறகு, வாளிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் விடலாம். சோப்புத் தண்ணீரிலேயே வினிகரை ஊற்றினால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகித் துணியில் படியும், அதாவது இதுவரை பட்ட பாடு வீண். பிளீச் போட்ட நாளில் வினிகர் பக்கமே போகாதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும்.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: குறைந்த தண்ணீரில் ஓடும் மெஷின்களில் சோப்புப் படலம் உள்ளேயும் சேரும், அதனால் கூடுதலாக ஒரு அலசல் வைத்து, மாதம் ஒருமுறை துணி இல்லாமல் சோடாவும் சூடான தண்ணீருமாக ஓட்டுங்கள். சோடாவை எவ்வளவு கூட்டியும் சோப்பு திரிந்துகொண்டே இருக்கிற தண்ணீர் என்றால் பிடிவாதம் வேண்டாம், வாசனை சேர்க்காத டிடர்ஜென்ட் வாங்கிவிடுங்கள். டிடர்ஜென்ட் அந்தத் தண்ணீரில் திரியாது.

முதலில் பழைய பருத்திப் பனியன் ஒன்றை மட்டும் இதில் துவைத்து நாலைந்து நாள் போட்டுப் பாருங்கள், எதுவும் ஆகவில்லை என்றால் மற்றவற்றை மாற்றலாம். மாற்றிய பிறகும் எலாஸ்டிக் படும் வரிசையிலோ, கருஞ்சாயத் துணி படும் இடத்திலோ மட்டும் தடிப்பு வந்துகொண்டிருந்தால் சோப்பை விட்டுவிட்டு அந்த ரப்பரையும் சாயத்தையும் சந்தேகப்படுங்கள். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.