முதல் ஆர்.சி. விமானம்: கடையிலேயே செய்துவிடும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மைதானத்துக்குப் புதிதாக யாராவது ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டால் இயக்கும்) விமானத்துடன் வந்தால், பெட்டியைப் பார்த்ததுமே அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகள்தான். பெட்டியின் மேல் இருக்கும் படம் மட்டும் மாறியிருக்கிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, திருகாணியை முடுக்காமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் தவறை மைதானத்தில் திருத்த முடியாது.

சின்னதாக வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. போன ஆடியில் ஒரு கல்லூரி மாணவர் அரை மீட்டர் இறக்கைகூட இல்லாத விமானத்தை எடுத்து வந்தார். “சின்னதுதானே அண்ணா, விழுந்தாலும் அடிபடாது” என்றார். கடையில் சொல்லி அனுப்பிய வாக்கியம் அது. எடை குறைந்த விமானம் விழுந்தால் அதிகம் உடையாது என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பறக்கவிடக் கற்றுக்கொள்ள முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைத் தெரிந்த கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானத்தின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், காற்றின் வேகம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போகும்போது தரையைப் பொறுத்து அது 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 100 மீட்டரை எட்டே நொடியில் கடந்துவிடும். திரும்பி வரும்போது கிடைப்பதோ வெறும் 15. அன்று நடந்ததும் இதுதான். இரண்டு திருப்பங்களுக்குள் விமானம் வேலியைத் தாண்டிவிட்டது.

அடுத்த சிக்கல் கண்ணுக்கு. 1.5 மீட்டர் இறக்கை 300 மீட்டர் தொலைவில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 50 சென்டிமீட்டர் இறக்கை 100 மீட்டரிலேயே அவ்வளவுதான் தெரியும். விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே புரியாது. நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு இடமும் வலமும் நமக்கு எதிர்மாறு. அந்த மாணவர் ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். விமானம் அவர் கண்ணுக்கு இடப்பக்கம் சாய்ந்தது. போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினார். அது சுழன்றுகொண்டே சோளக்காட்டுக்குள் இறங்கியது. வெயில் ஏறும்வரை ஆளுயரப் பயிருக்குள் தேடினோம். கிடைக்கவில்லை.

அவர் அடுத்து வாங்கியதும் அதே அளவு விமானம்தான். என் எரிச்சலுக்குக் காரணம் இதுதான். இப்படி இரண்டு மூன்று வாங்கிய பிறகு கணக்குப் பார்த்தால், ஒரு நல்ல ட்ரெய்னர் (பழகுவதற்கென்றே செய்த) விமானத்துக்கான பணம் போயிருக்கும். பழக்கம் மட்டும் வந்திருக்காது. ஜைரோ கருவி இருக்கிறதே என்பார்கள். ஜைரோ இறக்கையைச் சமமாக வைத்திருக்கும். காற்று அடித்துக்கொண்டு போவதை அது தடுக்காது. இலை அசையாத அதிகாலையிலும் மூடிய அரங்கத்துக்குள்ளும் சின்ன விமானங்கள் அருமையானவை. அவற்றை இரண்டாவதாக வாங்குங்கள்.

முதல் விமானத்துக்கு இறக்கை 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இருக்கட்டும். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டு, இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி உயர்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் விமானம் ஒருபக்கம் சரியும்போது தானாக நிமிர உதவுகிறது. இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு பாதிக்கு மட்டும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். வெளிறிய வானத்தில் வெள்ளை நுரை (ஃபோம்) விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஸ்பிட்ஃபயர், மஸ்டாங்

இந்தப் போர்விமான மாடல்கள் முதல் விமானமாக வேண்டவே வேண்டாம்.

ட்ரான்ஸ்மிட்டரை இலவச இணைப்பாக நினைப்பது

பெட்டியோடு வரும் பொம்மை ரிமோட் அந்த ஒரு விமானத்தோடு முடிந்துவிடும். ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்.-ஐ6 போன்ற ஆறு சேனல் (ஆறு தனித்தனிக் கட்டளைகளை அனுப்பும்) ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கினால், அடுத்தடுத்த விமானங்களுக்கும் அதுவே போதும். கணினியோடு இணைத்து சிமுலேட்டரிலும் பழகலாம். வாங்குமுன் மோடை, அதாவது எந்தக் கட்டுப்பாடு எந்தக் கையில் என்பதைப் பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மோடு 2-இல் இடக்கையில், மோடு 1-இல் வலக்கையில். உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எந்த மோடில் பறக்கவிடுகிறாரோ அதையே வாங்குங்கள். விமானம் தலைகுப்புறப் போகும்போது, பழகாத மோடு ட்ரான்ஸ்மிட்டரை அவர் கையில் கொடுத்துப் பயனில்லை.

பெரிய பேட்டரி

கூடுதல் நேரம் பறக்கலாம் என்று, தயாரிப்பாளர் சொன்னதைவிடப் பெரிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைத் திணிக்கிறார்கள். ஒரு கிலோ விமானத்தில் 200 கிராம் கூடினால், அது விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் உயரும். தரையிறங்கும்போது அந்த வேகத்தை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். போதாததற்கு, விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியான ஈர்ப்பு மையமும் இடம் மாறும். ட்ரெய்னர் விமானத்தில் அது பொதுவாக இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். பின்னால் நகர்ந்துவிட்டால், பழகியவர் கையிலேயே விமானம் அடங்காது.

உதிரிபாகம்

இறக்கையும் வாலும் தனியாகக் கிடைக்காத விமானத்தை வாங்காதீர்கள்.

நிலத்தைப் பார்க்காமல் வாங்குவது

2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் மாடல் விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால், கோவைக்காரர்கள் பணம் கட்டுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்பரப்பு வரைபடத்தைத் திறந்து, முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சைப் பகுதியில் எந்த நிலம் கிடைக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது. பிறகு அந்த நிலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். சமமான தரையோ தார்ப்பாதையோ இருந்தால் சக்கரம் வைத்த ட்ரெய்னர் சரி. கரடுமுரடான மேய்ச்சல் நிலமோ உழுத காடோ என்றால் சக்கரம் தடுக்கி மூக்கு குத்தும். புரொப்பெல்லரும் மோட்டாரின் அச்சும் முதலில் போகும். அங்கே ஈஸிஸ்டார், பிக்ஸ்லர் போல, கையால் எறிந்து வயிற்றால் இறக்கும் வகைதான் பொருந்தும். அவற்றில் புரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு மண்ணில் குத்தினாலும் பெரும்பாலும் பசையோடு வேலை முடிந்துவிடும்.