தரங்கம்பாடி பழைய வீடுகளை எப்படிப் பாக்கணும்

தரங்கம்பாடி போறவங்கள்ல பாதிப் பேரு கோட்டையைப் பாத்துட்டு கடல்ல கால நனைச்சுட்டு நாலு போட்டோ எடுத்துட்டு பொறையாறு பக்கம் பஸ் ஏறிடுறாங்க. கோட்டை வேணாம்னு சொல்லல, 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கட்டுனது, பாக்க வேண்டியதுதான். ஆனா கட்டடம் பாக்குற ஆசை இருக்குறவங்களுக்கு விஷயமே தெருவுலதான் இருக்கு.

மொதல்ல, காலைல சீக்கிரம் போங்க, வெயிலுக்காக இல்ல, வெளிச்சத்துக்காக. கிங் ஸ்ட்ரீட் மேற்க இருக்குற ஊர் வாசல்லேர்ந்து (1792ல கட்டுன வாசல்) கெழக்க கடலப் பாத்து ஓடுது, அதனால சூரியன் ஏறுறப்ப வெளிச்சம் செவத்த ஒட்டி சாய்வா உரசிக்கிட்டு வரும், அப்ப எங்க செவுரு வீங்கியிருக்கு, எங்க ஒட்டுப்போட்டுருக்காங்க, எந்த ஜன்னல அடைச்சு பூசியிருக்காங்கன்னு எல்லாம் நிழலாத் தெரியும். மார்கழி, தைல போனா வடக்குச் சரகு வீடுங்க இன்னும் நல்லாத் தெரியும். பதினோரு மணிக்கு மேல அதே செவுரு சப்பையா வெள்ளையா நிக்கும், ஒண்ணும் புரியாது.

அங்கேர்ந்து கோல்ட்ஸ்மித் தெருவுக்கு வாங்க. கிங் ஸ்ட்ரீட்ல தூணும் போர்ட்டிகோவுமா பெரிய பங்களாங்க, கோல்ட்ஸ்மித் தெருவுல நம்ம ஊர் வரிசை வீடுங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் பெஸ்ட்செல்லர்ங்கிற டென்மார்க் துணிக் கம்பெனியோட நிதி உதவில இன்டாக் (பழைய கட்டடங்களப் பாதுகாக்குற அமைப்பு) இங்க சில வீடுகளை எடுத்து சரி பண்ணாங்க.

இங்க எல்லாரும் பண்றது, ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நின்னு இது நல்லாருக்கு அது நல்லாருக்குன்னு சொல்றது. அப்படிப் பாக்காதீங்க. தெருமுனைல நின்னு ஒரு கண்ண மூடிக்கிட்டு தாழ்வாரக் கோட்ட (கூரையோட கீழ் விளிம்ப) மட்டும் நீளத்துக்குப் பாருங்க. வரிசை வீடுன்னா ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே பொதுச்சுவர், ரெண்டு பக்கத்துக் கூரை மரமும் அதுமேலதான் உக்காந்திருக்கும், அதனால ஒரு வீட்ட இடிச்சா பக்கத்து வீட்டோட உள்சுவர் திடீர்னு வெளிச்சுவரா மாறி மழைல நனைய ஆரம்பிக்கும், அது உள்ள இருக்கணும்னு கட்டுன செவுரு, மழைக்குப் பூசினது கெடையாது. தாழ்வாரக் கோடு எங்க தொங்குதோ எங்க அறுந்து கான்கிரீட் மாடி ஏறுதோ அதுக்கு ரெண்டு பக்கமும் போய்ப் பாருங்க, விரிசல் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். பல்லு விழுந்தா பக்கத்துப் பல்லு ஆடுற மாதிரிதான்.

அடுத்து படியப் பாருங்க. திண்ணை வீட்டுக்கு ஏற மூணு படி, நாலு படி இருந்திருக்கும், இப்ப ஒண்ணோ ஒண்ணரையோ மிச்சம் இருக்கும். படி எங்கயும் போகல, ரோடு மேல வந்துடுச்சு. பழைய ரோட்ட சுரண்டாம மேல மேல போட்டதுல தெரு ஒசந்து வீடு பள்ளமாயிடுச்சு, மழத் தண்ணி இப்ப திண்ணை அடியில நிக்கும், அடுத்து செவுத்துல ஓதம் ஏறும். பாதிப் படி மண்ணுல இருக்குற வீட்டுல கீழ் மூணடிப் பூச்சு உதிர்ந்திருக்கான்னு பாருங்க, ரெண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

அந்த மூணடியத்தான் நிதானமாப் பாக்கணும். பூச்சு பேந்த எடத்துல செங்கல்லு மெலிசா இருந்தா அது பழைய சித்துக்கல், நடுவுல இருக்குறது சுண்ணாம்புக் காரை, கடலோரம்கிறதால கிளிஞ்சலச் சுட்ட சுண்ணாம்பு, சில எடத்துல கிளிஞ்சல் ஓட்டுத் துண்டு வெள்ளையா கண்ணுக்கே தெரியும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்த வெளிய விட்டுடும். அது மேல யாரோ சாம்பல் கலர்ல சிமென்ட் பூசியிருப்பாங்க. ஈரம் வெளிய போக வழியில்லாம செவுத்துக்குள்ளயே மேல ஏறி, கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாடி கட்டி கட்டி தள்ளும், கடைசில சிமென்ட் பலகையா கழண்டு விழும், விழறப்ப பழைய கல்லோட மூஞ்சியையும் பேத்துக்கிட்டுத்தான் விழும். நல்லது பண்றோம்னு நெனச்சு பண்றாங்க, திட்டறதுக்கு மனசு வரல. விரல மடக்கி லேசாத் தட்டிப் பாத்தா பொக்குன்னு கேக்குற எடம் எல்லாம் கழண்டது. நகத்தால எல்லாம் சுரண்டாதீங்க, அடுத்தவங்க வீடு.

வயசு சொல்லணும்னா கூரையப் பாருங்க. அரைவட்டமா சின்னச் சின்னதா அடுக்கியிருந்தா நாட்டு ஓடு. தட்டையா பெருசா இருந்தா சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷன் அந்த ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சதே 1865ல, டேனிஷ்காரங்க ஊர இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தது 1845ல. அப்ப சீமை ஓடு போட்ட கூரைய ‘டேனிஷ் காலத்துது’ன்னு கைடு சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க, செவுரு பழசா இருக்கலாம், கூரை அப்புறம் மாத்துனது. மொட்டைமாடின்னா உள்ள போய் அண்ணாந்து பாருங்க, மர உத்தரத்துக்கு மேல மெல்லிசு கல்ல குத்தா, சாய்வா அடுக்கியிருந்தா மெட்ராஸ் டெரஸ். தரை ரெட் ஆக்சைடா இருந்தா அது சிமென்ட் வந்த காலத்து வேலை.

உள்ள போகணும்னா கேட்டுட்டுப் போங்க, ‘அம்மா, முற்றம் மட்டும் பாத்துட்டுப் போயிடுறோம்’னா வேணாம்னு சொல்றவங்க கம்மி. சமையக்கட்டுப் பக்கம் கேமராவத் தூக்காதீங்க. ரேழி (வாசல் நடை), முற்றம், கூடம், கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கா, வாசல்ல நின்னா கொல்லைக் கதவு தெரியுதான்னு மட்டும் கவனிங்க. ரெண்டு பக்கமும் ஜன்னல் வைக்க முடியாத வரிசை வீட்டுக்கு முற்றமும் அந்த நேர்கோடும்தான் காத்து.

இதெல்லாம் பாத்துட்டு ‘எங்க தாத்தா வீடும் இப்படித்தான் நாகூர்ல இருக்கு, காரைக்கால்ல இருக்கு’ன்னு கெளம்புறவங்களுக்கு: மொதல்ல வாசல் தண்ணி எங்க போகுதுன்னு பாத்து வடிகால சரி பண்ணுங்க, அதப் பண்ணாம பூச்சுல காசக் கொட்டாதீங்க. சிமென்ட உளியால மெதுவாக் கழட்டணும், மெஷின் வேணாம். செவுத்த நல்லா காயவிட்டு, உப்ப தூரிகையால கூட்டி எடுத்துட்டு, ஊறப்போட்ட சுண்ணாம்புல கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணி சேத்து பூசத் தெரிஞ்ச கொத்தனாரா தேடிப் பிடிங்க. பொதுச்சுவர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசிடுங்க, செலவுல பாதி அவங்களும் போட்டா இன்னும் நல்லது. வேலைய மாசி, பங்குனியிலயே ஆரம்பிச்சுடுங்க, சுண்ணாம்பு இறுக நாளாகும், ஐப்பசி மழைக்குள்ள அது செட் ஆகியிருக்கணும், அதுவரைக்கும் வெயில் நேரா படாம ஈரச் சாக்கு போட்டு வைங்க.