மார்கழிக் காலையில் பழைய பெற்றோல் லொறி

விடிய முதல் மருதனார்மடச் சந்தையில் மரக்கறி இறக்கவேண்டும். ஒரு கிழமையாக நின்ற லொறியோ அசையாது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரின் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் போயிருக்கும். பெற்றோல் பம்பில் கையால் அடிக்கும் சின்ன நெம்பு இருந்தால் பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள். கிண்ணம் நிறைந்ததும் நெம்பு லேசாகிவிடும். ஸ்ராட்டரை வீணாகச் சுற்றாததால் பற்றறியும் இறங்காது.

பிறகு சோக்கை (காற்றைக் குறைக்கும் இழுபிடியை) முழுதாக இழுத்து, அக்சிலேற்றரைப் பம்ப் பண்ணாமல் ஸ்ராட் பண்ணுங்கள். பிடித்ததும் சோக்கைப் பாதி உள்ளே விடுங்கள். பெற்றோல் மணம் மூக்கில் ஏறினால் பொறி தரும் பிளக் பெற்றோலில் நனைந்துவிட்டது. சரி, சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுற்றவிடுங்கள்.

பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் சிலர் இன்னும் ஸ்ராட் பண்ண காபரேற்றர் வாயில் பெற்றோல் ஊற்றுவார்கள். நான் செய்யமாட்டேன். எஞ்சின் பின்னடித்துக் காபரேற்றர் வாயால் நெருப்புக் கக்கினால் முதலில் கருகுவது புருவம்தான்.