பரத உடை தைப்பவரைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன சோதனை

நடனக் குழுவுக்குப் புதிய தையல்காரரை அமர்த்துகிறீர்களா? எல்லா உடைகளையும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். பழைய பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு உடை தைக்கச் சொல்லுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பிறகு அதை ஒரு மாணவிக்கு உடுத்தி, அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி அமரும் நிலை) உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

நின்றால் யார் தைத்த விசிறியும் (உடையின் முன்பக்க மடிப்பு) அழகாகத்தான் இருக்கும். முழங்கால் விரியும்போதுதான் மடிப்புகள் சீராகத் திறக்கின்றனவா, ஒரு பக்கம் இழுக்கிறதா, தொடையில் பைஜாமா பிடிக்கிறதா என்பதெல்லாம் தெரியவரும். முழுமண்டியும் (முழுவதுமாகக் கீழே அமரும் நிலை) போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. மட்டமான தையல் அங்கேயே விட்டுவிடும். அப்படியே ரவிக்கையின் உட்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஓர் அங்குலமாவது துணி விட்டிருந்தால் வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் முதல் தகுதி.

வட இந்திய நடனமான கதக்குக்கு இது பொருந்தாது. அதற்குச் சுழன்றுதான் பார்க்க வேண்டும். தைக்காமல் புடவையாகவே கட்டி ஆடுபவர்களுக்கும் இது தேவையில்லை. மார்கழி நெருங்கும் சமயத்தில் சோதனைக்கெல்லாம் சென்னையில் யாருக்கும் நேரமிருக்காது, ஆடியிலேயே முடித்துவிடுங்கள்.